சுங்கத்துறையின் ஏ.இ.ஓ. சான்றிதழ்: சிறு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு எவ்வளவு உதவும்?

திருப்பூரில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் எங்கள் சிறு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் சுங்கத்துறையின் ஏ.இ.ஓ. முதல் அடுக்குச் சான்றிதழையும் 2023-இல் இரண்டாம் அடுக்குச் சான்றிதழையும் பெற்றது. அன்றிலிருந்து தொழில் நண்பர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: “அதை வாங்குனதுல நமக்கு என்னங்க கெடைக்குது?” நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடை இதற்கு இல்லை. முதல் அடுக்கைத் தகுதியுள்ள எந்த ஏற்றுமதியாளரும் தயங்காமல் வாங்கலாம். இரண்டாம் அடுக்கைப் பொறுத்தவரை, நாம் எதை இறக்குமதி செய்கிறோம், எந்த நாட்டுக்கு விற்கிறோம், நம் சரக்கைக் கண்டெய்னரில் ஏற்றுவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே இறங்க வேண்டும். அந்த மூன்றையும் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் இறங்கியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஏ.இ.ஓ. என்பதை ‘அங்கீகரிக்கப்பட்ட பொருளாதாரச் செயற்பாட்டாளர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். தொழிலில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. அதன் கருத்து எளியது. துறைமுகத்துக்கு வரும் பெட்டிகள் அனைத்தையும் திறந்து பார்ப்பது எந்த நாட்டுச் சுங்கத்துறைக்கும் இயலாத காரியம் என்பதால், யாருடைய கணக்குப் புத்தகமும் கிடங்குப் பூட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, அவர்களுடைய சரக்கை விரைவாக அனுப்பிவிட்டு, அறிமுகமில்லாத சரக்கின்மீது கண் வைப்பதே அது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஏழு பெரிய இறக்குமதி நிறுவனங்களுடன் சி-டிபேட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உலகச் சுங்க அமைப்பு 2005 ஜூனில் ‘சேஃப்’ என்னும் தர வரையறையை ஏற்றுக்கொண்ட பிறகு இந்த எண்ணம் பல நாடுகளுக்கும் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நடைமுறைப்படுத்தியது, இந்தியா 2011-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் நடைமுறையில் இருக்கும் அமைப்பு 2016 ஜூலையில் மத்திய கலால் மற்றும் சுங்க வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையிலிருந்து வருவது. அதற்கு முன்பிருந்த ஏ.சி.பி. என்ற இறக்குமதியாளர் சலுகைத் திட்டத்தை இதற்குள் இணைத்து, ஏற்றுமதி இறக்குமதியாளர்களுக்கு மூன்று அடுக்குகளையும், கஸ்டம்ஸ் புரோக்கர், கிடங்கு நடத்துவோர், முனையம் நடத்துவோர், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் ஆகியோருக்கு எல்.ஓ. என்ற தனிப் பிரிவையும் அந்தச் சுற்றறிக்கை வகுத்தது.

முதல் அடுக்கு முழுக்க முழுக்க ஆவணச் சரிபார்ப்பு. மூன்று நிதியாண்டுகளாகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும். கடந்த நிதியாண்டில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி என்று எல்லாம் சேர்த்துக் குறைந்தது 25 சுங்க ஆவணங்களைக் கையாண்டிருக்க வேண்டும். மோசடி, போலி ஆவணம், கடத்தல், வசூலித்த வரியைக் கட்டாமை போன்றவற்றுக்காகக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் நோட்டீஸ் வந்திருக்கக் கூடாது. நிறுவனம் கடனில் மூழ்கவில்லை என்று ஆடிட்டர் சான்றளிக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 டிசம்பரில் இவை தளர்த்தப்பட்டன. இரண்டு நிதியாண்டு அனுபவமும், அரையாண்டுக்கு ஐந்துக்குக் குறையாமல் ஆண்டுக்குப் பத்து ஆவணங்களும் போதும் என்றாயிற்று. முதல் அடுக்கு விண்ணப்பத்தை 15 வேலைநாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் அப்போது வந்ததுதான். மாதத்துக்கு நான்கைந்து ஷிப்மெண்ட் அனுப்பும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தளர்வு இல்லாவிட்டாலும் தகுதி இருந்திருக்கும்; ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான், இது பெரிய மில்காரர்களுக்கு மட்டுமான ஏற்பாடு என்ற எண்ணம் எங்கள் மனத்திலிருந்து போனது.

விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் ஆலோசனை நிறுவனம், முதல் அடுக்குக்கே ‘அரசுச் செலவுகள் உட்பட’ என்று ஒரு தொகையை எங்களிடம் கேட்டது. அரசுச் செலவு என்னவென்று கேட்டதற்கு விளக்கம் வரவில்லை. நாங்களே உட்கார்ந்து, இணையவழி விண்ணப்பத்தை நிரப்பி, ஆடிட்டரிடம் நிதிநிலைச் சான்று வாங்கி, சிறு நிறுவனம் என்பதைக் காட்டும் உத்யம் பதிவையும் இணைத்து அனுப்பினோம். அலுவலகத்தில் ஷிப்பிங் பில் போடும் பெண்ணும் நானும் இரண்டு நாள் மாலை நேரங்களில் செய்து முடித்த வேலை அது. வந்த ஒரே கேள்வி, ஒரு பங்குதாரரின் பெயர் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது பற்றி. அதைத் திருத்தியதும் சொன்ன கெடுவுக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் தன்னறிவிப்பு மட்டும் கொடுத்தால் முதல் அடுக்கு தானாகவே தொடரும் என்று 2021-இல் மாற்றிவிட்டதால், புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை.

முதல் அடுக்கில் எங்களுக்கு உண்மையாகவே கைக்கு வந்த பலன் வங்கி உத்தரவாதத்தில். ஏற்றுமதிக் கடப்பாட்டின்பேரில் சுங்கவரி இல்லாமல் தையல் எந்திரமும் கட்டிங் எந்திரமும் கொண்டுவருகிறவர்களுக்கு இது நன்கு தெரிந்த தலைவலி. உத்தரவாதம் கேட்கப்படும் இடங்களில் முதல் அடுக்கினர் மற்றவர்கள் கொடுப்பதில் பாதியைக் கொடுத்தால் போதும்; சிறு நிறுவனமாக இருந்தால் கால் பங்கு. இரண்டாம் அடுக்கில் அது முறையே கால் பங்காகவும் பத்து விழுக்காடாகவும் குறைகிறது. மூன்றாம் அடுக்கில் தேவையே இல்லை. பிறர் 40 லட்சத்துக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு நிறுவனம் முதல் அடுக்கில் 10 லட்சத்துக்கும் இரண்டாம் அடுக்கில் 4 லட்சத்துக்கும் கொடுத்தால் முடிந்தது. வங்கியில் மார்ஜினாக முடங்கிக் கிடக்கும் பணத்தை நூல் வாங்கத் திருப்பிக்கொள்ள முடிவது, கிலோவுக்கு நூல் விலை மாதந்தோறும் மாறும் எங்கள் ஊரில் சிறிய விஷயமாகாது.

மற்ற பலன்கள் பட்டியலில் நன்றாக இருக்கின்றன, நடைமுறையில் மங்கலாக இருக்கின்றன. பரிசோதனை குறையும் என்கிறார்கள். எங்களைப் போல ஒரே வகைப் பொருளைத் தூத்துக்குடி வழியாகவே ஆண்டுக்கணக்கில் அனுப்புகிறவர்களின் பெட்டிகள் சான்றிதழுக்கு முன்பும் அடிக்கடி நிறுத்தப்பட்டதில்லை என்பதால், முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு இவ்வளவு என்று என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை. கூடுதல் நேரப் பணிக் கட்டணம் தள்ளுபடி, துறைமுகத்திலிருந்து நேரே இறக்குமதிச் சரக்கை எடுக்கும் வசதி, தொழிற்சாலையிலிருந்து நேரே துறைமுகத்துக்குள் செல்லும் வசதி ஆகியவை முழுக் கண்டெய்னராகக் கொண்டுவருகிறவர்களுக்கும் அனுப்புகிறவர்களுக்கும் பொருள் உள்ளவை. ஜிப், லேபிள், எலாஸ்டிக் என்று ஐந்தாறு அட்டைப்பெட்டிகளைக் கூரியரில் வரவழைக்கும் நிறுவனத்துக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

இனி இரண்டாம் அடுக்கு. இதுதான் பாதுகாப்புச் சான்றிதழ் என்ற பெயருக்கு உரியது. முதல் அடுக்கில் நம்மைக் காகிதத்தில் மட்டும் பார்த்த துறை, இங்கே நம் வளாகத்துக்கே வந்து பார்க்கிறது. சுற்றுச்சுவர், விளக்கு, கேமரா, வாயிற்பதிவேடு, சாவி யாரிடம் இருக்கிறது, வேலைக்கு ஆள் எடுக்கும்போது பின்னணி விசாரிக்கப்படுகிறதா, கணினிக் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும், சரக்கு ஏற்றும் இடத்துக்குள் யார் யார் போகலாம், தீ விபத்தோ வெள்ளமோ நேர்ந்தால் ஆவணங்களை எப்படி மீட்பீர்கள் என்று அனைத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியபடி நடப்பதைக் காட்டவும் வேண்டும். வளாகத்தின் வரைபடமும், ஆர்டர் வருவதிலிருந்து சரக்கு கிளம்புவது வரையிலான நடைமுறை வரைபடமும் இணைக்க வேண்டும்.

நேரமில்லை என்று நினைத்து இந்தக் கட்டத்தில் நாங்கள் வேறோர் ஆலோசகரை அமர்த்தினோம். அவர் கொடுத்த பாதுகாப்புத் திட்டம் அறுபது பக்கம். பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. முப்பதாவது பக்கத்தை ஒட்டி, ‘அமோனியா தொட்டிக்குச் செல்லும் வழியில் இரட்டைப் பூட்டு பொருத்தப்பட்டுள்ளது’ என்ற வரியைப் படித்தபோதுதான், யாரோ ஒருவருடைய குளிர்பதன ஆலைக்கு எழுதியதில் எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார் என்பது புரிந்தது. கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. திட்டத்தை நாங்களே பதினெட்டுப் பக்கத்தில் எழுதினோம், அதுவும் ஆய்வுக்குப் போதுமானதாகவே இருந்தது. தன் தொழிற்சாலையின் பாதுகாப்புத் திட்டத்தைத் தன் கையால் எழுத முடியாத நிறுவனம் ஆய்வின்போது பதில் சொல்லவும் முடியாது என்பதால், ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தை இரண்டு நல்ல கேமராக்களுக்குக் கொடுப்பது மேல்.

எழுதும்போது எங்களை உண்மையிலேயே திணற வைத்தது வணிகக் கூட்டாளிகள் பற்றிய பகுதி. இந்தத் திட்டத்தின் கேள்விகள், நூல் ஒரு வாசலில் நுழைந்து ஆடை மறு வாசலில் வெளியேறும் பெரிய ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றே தோன்றுகிறது. திருப்பூர் அப்படி இயங்கவில்லை. எங்கள் ஆர்டரின் துணி ஓரிடத்தில் பின்னப்படுகிறது, வேறோரிடத்தில் சாயம் ஏறுகிறது, இன்னோரிடத்தில் காம்பாக்டிங், அதன் பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி. அவசரமானால் பவர் டேபிள் என்னும் தையல் வேலையில் பாதியும் ஜாப் ஒர்க்கில் வெளியே போகிறது. கட்டிங்கும் செக்கிங்கும் பேக்கிங்கும் மட்டுமே எப்போதும் எங்கள் கூரைக்குக் கீழ் நடப்பவை. வெளியே செல்லும் பண்டில்களை எண்ணி, டெலிவரி சலானில் எழுதி, திரும்பி வரும்போது மீண்டும் எண்ணும் பழக்கம் பண்டைக்காலந்தொட்டு இருக்கிறது. ஆனால் அது துணி குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. பண்டிலுக்குள் ஏதாவது கூடுதலாகச் சேர்ந்துவிடக் கூடாது என்ற கண்ணோட்டத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. ஜாப் ஒர்க் செய்பவர்களிடம் பாதுகாப்பு உறுதிமொழிக் கடிதம் கேட்டபோது, இருபது ஆண்டு பழகிய எம்பிராய்டரிக்காரர் ஒருவர், “என்னைச் சந்தேகப்படறீங்களா, அண்ணா?” என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். கடிதத்தோடு நில்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை நாங்களே நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததைக் குறித்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்து, எல்லாருக்கும் பொதுவான விதி என்று விளக்கிய பிறகே அவர் சமாதானமானார்.

இதற்கு நேர்மாறாக, கண்டெய்னர் பற்றிய பகுதி தெளிவும் பயனும் நிறைந்தது. காலிப் பெட்டி வந்ததும் ஏழு இடங்களைப் பார்க்க வேண்டும்: முன்சுவர், இடச்சுவர், வலச்சுவர், தரை, கூரை, உள்ளும் புறமுமாகக் கதவுகள், வெளிப்புறமும் அடிப்பாகமும். முன்பெல்லாம் மழைநீர் ஒழுகுமா என்று மட்டும் பார்ப்போம். உள்ளே ஓர் ஆளை நிற்கவைத்துக் கதவைச் சாத்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். இப்போது டேப்பையும் எடுத்துக்கொள்கிறோம். 20 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர் இருக்க வேண்டும், அளவு குறைந்தால் முன்சுவருக்கு முன்னால் இன்னொரு பொய்ச்சுவர் இருக்கிறது என்று பொருள். தரை மீது தட்டினால் எழும் ஓசை ஓரிடத்தில் மட்டும் மாறுகிறதா என்று கவனிக்கவும் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கதவுக் கீல்களின் ஆணிகள் புதிதாக மாற்றப்பட்டிருந்தால், கதவைப் பூட்டியிருக்கும் முத்திரையைத் தொடாமலே கதவைக் கழற்றி மாட்ட முடியும் என்பது எனக்கு இந்த ஆய்வுக்குத் தயாரானபோதுதான் தெரியும். இருபது ஆண்டுகளாகப் பெட்டி ஏற்றுகிறவனுக்கு அது சற்று வெட்கமாகவே இருந்தது.

முத்திரை பற்றியும் அப்படியே. ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் உயர்பாதுகாப்பு வகையைச் சேர்ந்த போல்ட் முத்திரையில் ‘எச்’ என்ற எழுத்துக் குறி இருக்கும். அதைப் பூட்டிய பிறகு பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, இழுத்து, திருகிப் பார்க்க வேண்டும். 2017-இல் தொழிற்சாலைச் சுயமுத்திரை முறையும் மின்னணு முத்திரையும் வந்தபின், முன்புபோல் கலால் அதிகாரி வரும் வரை லாரியை நிறுத்திவைக்கும் நிலை போய்விட்டது. கூடவே, முத்திரைக் கையிருப்பின் பொறுப்பும் நம் தலையில் வந்து சேர்ந்தது. எங்களிடம் அது பேக்கிங் பிரிவின் மேசை இழுப்பறையில் ஸ்கெட்ச் பேனாவோடும் டேப் உருளையோடும் கிடந்தது. ஒரு முறை எண்ணிப் பார்த்தபோது பதிவேட்டுக்கும் கையிருப்புக்கும் இரண்டு முத்திரை வேறுபாடு. தேடியதில் ஒன்று உடைந்ததாகத் தூக்கி எறியப்பட்டிருந்தது, மற்றொன்றின் கதை இன்றுவரை விளங்கவில்லை. இப்போது பூட்டிய அலமாரி, இரண்டு பேர் கையெழுத்து, எண்வாரிப் பதிவேடு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இரண்டாம் அடுக்குக்கு விண்ணப்பித்த உழைப்பு தகும் என்று நான் நினைக்கும் நாட்கள் உண்டு.

நேரடி ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் காலையில் கோப்புகளைப் பார்த்தார்கள், மதியத்துக்கு மேல் வளாகத்தைச் சுற்றினார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை என்னிடம் அதிகம் கேட்கவில்லை. இரவுக் காவலரை அழைத்து, கிளம்பும் லாரியின் முத்திரை எண் காகிதத்தில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவர், “மேனேஜர் அண்ணனுக்குப் போன் பண்ணுவேனுங்க. அவரு எடுக்கலைன்னா, எடுக்கற வரைக்கும் வண்டியை விட மாட்டேனுங்க” என்றார். எங்கள் பதினெட்டுப் பக்கத் திட்டத்தில் அந்தச் சூழலுக்கு மூன்று பத்தி எழுதியிருந்தேன். அவர் சொன்னது அதைவிடத் தெளிவு. கேமராவில் லாரியின் பின்கதவு மரநிழலில் மறைவதை ஆய்வில் சுட்டிக்காட்டினார்கள், மறுவாரமே இடம் மாற்றினோம். தேவையில்லாத கெடுபிடியோ வேறு எதிர்பார்ப்போ இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் கைம்மாறு என்ன? இரண்டாம் அடுக்கின் பெரிய ஈர்ப்பு, சுங்கவரியைத் தள்ளிச் செலுத்தும் வசதி. சரக்கை முதலில் விடுவித்துக்கொண்டு, அதற்கான வரியைப் பின்னர் கெடு தேதிக்குள் மொத்தமாகச் செலுத்தலாம். எந்திர உதிரிப் பாகமோ மின்னணுப் பொருளோ வேதிப்பொருளோ வாரந்தோறும் கோடிக்கணக்கில் இறக்குமதி செய்கிறவர்களுக்கு இது வட்டியில்லாக் கடன் போன்றது. ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனமோ துணைப்பொருட்களை வரிவிலக்கில் கொண்டுவருகிறது, எந்திரத்தையும் வரியில்லாமல் கொண்டுவருகிறது. தள்ளிச் செலுத்துவதற்கு வரி என்று ஒன்று இருந்தால்தானே! நான் கேட்டுக்கொள்ளாமல் விட்ட முதல் கேள்வி இதுதான். டிராபேக் தொகை, அதாவது ஏற்றுமதிக்குப் பின் திரும்பக் கிடைக்கும் வரி, கப்பல் கிளம்பிய விவர அறிக்கை தாக்கலாகி 72 மணி நேரத்துக்குள் வழங்கப்படும் என்பது மட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வாக்குறுதி.

இரண்டாவது ஈர்ப்பு, பிற நாடுகளின் அங்கீகாரம். இந்தியா தென்கொரியா, ஹாங்காங், தைவான் போன்றவற்றுடன் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் செய்திருக்கிறது. அமெரிக்காவுடன் 2021 செப்டம்பரில் கையெழுத்தானது. திருப்பூருக்கு முக்கியமானது கடைசியாகச் சொன்னதே. சி-டிபேட் திட்டத்தில் வெளிநாட்டு உற்பத்தியாளர்களுக்கான இடம் கனடா, மெக்சிகோ நிறுவனங்களுக்குத்தான் என்பதால், இந்திய ஏற்றுமதியாளர் அதில் நேரே சேர முடியாது, ஏ.இ.ஓ. வழியாகத்தான் அந்த நம்பிக்கையின் ஒரு பங்கை அடைய முடியும். ஆனால் அந்தப் பங்கு தானாக வந்து சேர்வதில்லை. அமெரிக்கச் சுங்கத்துறை உற்பத்தியாளரை எம்.ஐ.டி. என்ற குறியெண்ணால் அடையாளம் காண்கிறது. நாட்டின் குறி, நிறுவனப் பெயரின் முதல் இரு சொற்களிலிருந்து மும்மூன்று எழுத்துகள், முகவரியிலுள்ள எண், ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள் ஆகியவற்றைக் கோத்து அது உருவாகிறது. ஆடைகளுக்கு உண்மையில் தைத்தவரின் எம்.ஐ.டி.தான் தரப்பட வேண்டும். எங்கள் முகவரியில் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் உண்டு. ஒரு வாங்குபவரின் புரோக்கர் பழையதையும் மற்றொருவரின் புரோக்கர் புதியதையும் எடுத்துக்கொண்டதால், அமெரிக்கக் கணினியில் நாங்கள் இரண்டு நிறுவனங்களாக உலாவிக்கொண்டிருந்தோம். சான்றிதழ் பெற்ற பிறகும் ஓராண்டுக்குமேல் இது எங்களுக்குத் தெரியாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சான்றிதழ் மூன்றிலும் முகவரி ஒரு புள்ளி கூட மாறாமல் இருக்க வேண்டும் என்றும், எந்த எம்.ஐ.டி.யைப் பயன்படுத்த வேண்டும் என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் விண்ணப்பிக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கேள்வி, பெட்டியை ஏற்றுவது யார் என்பது. எங்கள் ஏற்றுமதியில் பெரும்பகுதி, வாங்குபவர் நியமித்த ஃபார்வர்டர் என்னும் சரக்கு அனுப்பும் முகவரிடம், தூத்துக்குடியில் சரக்கைச் சேர்த்துக் கண்டெய்னரில் ஏற்றும் சி.எஃப்.எஸ். கிடங்கில் ஒப்படைக்கப்படுகிறது. தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழியாக ஓர் இரவு லாரியில் போகும் சரக்கு, அங்கே வேறு நான்கைந்து பேருடைய சரக்கோடு ஒரே பெட்டியில் ஏறுகிறது. ஏழு இடப் பரிசோதனையும் முத்திரையும் எங்கள் கையில் இல்லை. கூடப் பயணிக்கும் ஒருவருடைய சரக்கின்மீது சந்தேகம் வந்து பெட்டி நிறுத்தப்பட்டால், ஏ.இ.ஓ. நிறுவனத்தின் சரக்கும் சேர்ந்தே நிற்கும். சங்கிலி முழுவதையும் காப்பதற்காக வகுக்கப்பட்ட திட்டம், சிறு ஏற்றுமதியாளரின் சங்கிலி பெரும்பாலும் அவர் கையைவிட்டு நழுவும் இந்தக் கண்ணிக்கு அவர் அளவில் விடை தருவதில்லை. கிடங்கும் புரோக்கரும் எல்.ஓ. சான்றிதழ் பெற்றவர்களா என்று பார்க்கத்தான் முடிகிறது, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரிடம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே முழுப் பெட்டி ஏற்றும் நிறுவனத்துக்கு இரண்டாம் அடுக்கின் மதிப்பு எங்களுக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம்.

வாங்குபவர்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. சி-டிபேட் உறுப்பினராக உள்ள அமெரிக்க நிறுவனம், அங்கீகார ஒப்பந்தமுள்ள நாட்டின் ஏ.இ.ஓ. சான்றிதழை உற்பத்தியாளரின் பாதுகாப்புக்குச் சான்றாக ஏற்கலாம். எங்கள் வாங்குபவர்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் நாங்கள் கட்டணம் செலுத்திச் செய்துகொண்டிருந்த பாதுகாப்புத் தணிக்கையைக் கைவிட்டார். மற்ற இருவர், சான்றிதழ் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தணிக்கையாளரையும் அனுப்பினார்கள். ஒரே கேள்வியை மூன்று வடிவங்களில் மூன்று பேருக்கு எழுதுவது எங்களுக்குப் பழகிப்போன துன்பம், ஆனால் ஏ.இ.ஓ.வுக்காக எழுதிய திட்டம் கையில் இருப்பதால், மற்ற இரண்டுக்கும் ஒரு வாரம் எடுத்த வேலை இப்போது ஒரு நாளில் முடிகிறது.

இரண்டாம் அடுக்கு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எங்கள் புதுப்பிப்பை ஒட்டி, இதையே தொடர்வதா, மேலே ஏறுவதா என்ற பேச்சு வீட்டிலும் அலுவலகத்திலும் நடந்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் இரண்டாம் அடுக்கில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு மூன்றாம் அடுக்கின் கதவு திறக்கிறது. அங்கே வங்கி உத்தரவாதமே வேண்டாம், துறையில் தொடர்புக்கென்று ஓர் அதிகாரியும் உண்டு, சான்றிதழும் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். என் மகன் போகலாம் என்றான். சிறு நிறுவனமாக நாங்கள் கொடுக்கும் பத்து விழுக்காடு உத்தரவாதத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்த உழைப்பு வேண்டாம், அந்த நேரத்தில் இரண்டு வாங்குபவர்களிடமாவது பேசி, தொழிற்சாலையிலேயே முழுப் பெட்டி ஏற்ற ஒப்புக்கொள்ளவைக்கலாம் என்றேன். இப்போதைக்கு ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் மாதத்துக்கு ஒரு 20 அடிப் பெட்டி எங்கள் வாசலுக்கு வரும். டேப், டார்ச், முத்திரைப் பதிவேடு மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம்.